ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சொன்னது

“கேளுடி அந்த டாக்டரம்மாவை!” ஒஃபேலியா சித்தி நயேலியின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “சாகப்போறார்னு தெரிஞ்சும் எங்ககிட்ட ஏன் மறைச்சாள்னு கேளு!”

எவரார்தோ சித்தப்பா ஆஸ்பத்திரியில் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உயிர் போனபோது சித்தி வேலை செய்யும் கொட்டகையில் பீச் பழப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிழைக்க வந்த ஃப்ரெஸ்னோ ஊரில் ஒரே வீட்டில் பதினோரு பேர். பெரியவர்கள் ஒருவருக்கும் இங்கிலீஷ் வராது. பள்ளிக்கூடம், வீட்டுச் சொந்தக்காரர், கரண்ட் ஆபீஸ், எதுவானாலும் பதினாறு வயது நயேலிதான் போய்ப் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் பேசியதும் அவள்தான். இரண்டு நாள் தாங்கினால் அதிகம், எல்லோரும் கூடவே இருங்கள் என்றார் டாக்டர். திரும்பினால் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவிப் பெண், “தேறிட்டு வர்றாராம்” என்றுவிட்டாள். மறுநாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் சித்தி பாட்டுப் பாடிக்கொண்டே சோள ரொட்டி சுட்டாள். எந்த வாயால் சொல்வது?

இப்போது டாக்டர் எதிரே நிற்கிறார். சித்தியின் ஸ்பானிஷ் அவருக்குப் புரியவில்லை. ‘டாக்டர் மன்னிப்புக் கேக்கறாங்க’ என்று சித்தியிடம் ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

“டாக்டர் ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாங்க சித்தி. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

சித்தி அறைவாள் என்று நின்றாள். அறைந்திருந்தால் தேவலை. சித்தி முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“காலையில கூட, ‘நீங்க வேலைக்குப் போங்க சித்தி’ன்னியேடி.”

தொடையோடு தொடை இடிக்க எல்லோரும் உட்கார்ந்து போகிற வேனில், அன்று நயேலிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே வந்தது. யாராவது திட்டித் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை ஈமச்சடங்குக்கு ஏற்பாடு செய்யும் இடத்துக்கு எல்லோரும் போனார்கள். அங்கே கோட்டு போட்ட ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நயேலி பழக்கதோஷத்தில் ஓர் அடி முன்னால் வந்தாள். சித்தி அவள் பக்கம் திரும்பவில்லை. தன் கடைக்குட்டி ரொசியோவைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். ரொசியோவுக்கு எட்டு வயது.

“நீ கேட்டுச் சொல்லும்மா.”

“அப்பாவைப் புதைக்கணுமா, எரிக்கணுமான்னு கேக்கறார்மா.”

“புதைக்கணும்னு சொல்லு கண்ணு.”

மேசை உயரமாக இருந்தது. ரொசியோ இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, குதிகாலை உயர்த்திக்கொண்டு சொன்னாள்.