வெள்ளை வளையம்

பழைய விமானதளத்தின் கம்பிவேலிக்கு முன்னால் சின்னவள் பிரேக் பிடித்த வேகத்தில் பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. குதித்து இறங்கினாள். சைக்கிளை அலாக்காகத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கினாள். இறக்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வியர்வையில் கை வழுக்க, அது தொப்பென்று புல்லில் விழுந்தது.

கேரியரின் இருபக்கமும் தொங்கிய பைகளில் ஒன்றுக்குள் எதுவோ இடித்துக்கொண்டது. பூட்டுச் சங்கிலியாக இருக்கும். பார்க்க நேரமில்லை. சட்டையின் ஓரத்தைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு அவளும் தாண்டினாள்.

தார் ரோடு ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அத்தான் அதில்தான் போய்க்கொண்டிருக்கிறார். ஏரி முடியும் இடத்தில் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் கல் ரோடு. யுத்த காலத்தில் டாங்கிகள் சேற்றில் புதையாமல் இருக்கக் கருங்கல் பாவிய ரோடு அது. சைக்கிள் விட்டால் பல்லெல்லாம் ஆடும். பல் ஆடினால் பரவாயில்லை. அத்தானின் பைக்குள் இருப்பது ஆடக் கூடாது.

ஓடுதளம் வழியாகக் குறுக்கே போனால், அவர் பாலத்துக்கு வருவதற்குள் அங்கே நிற்கலாம். நிற்காவிட்டால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று அவள் சொல்வது ஒன்றுதான். “போன மாதிரியே கொண்டுவந்து ஒப்படைச்சிடு.”

மிதித்தாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவளும் அத்தானும் சைக்கிளில் கிளம்புவது வழக்கம். அக்காவுக்குச் சைக்கிள் என்ற பேச்சைக் கேட்டாலே இடுப்பு வலி. சின்னவளுக்கு ஆளில்லாத ரோடு வேண்டும். ஆறு நாளும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினின் இரைச்சலைக் கேட்கிற காது அவளுடையது. அத்தானுக்கோ பழைய யுத்தம் என்றால் உயிர். இடிந்த காவல் கோபுரம், பதுங்கு அறை என்று எதைப் பார்த்தாலும் இறங்கிவிடுவார்.

யுத்த அருங்காட்சியகத்தில் அவருக்குப் பராமரிப்பு வேலை. பீரங்கிக்கு எண்ணெய் போடுவது அவர். வெடிமருந்தை எடுத்துவிட்ட காலிக் குண்டுகளுக்கு இடுப்பைச் சுற்றி வெள்ளை பெயிண்டில் வளையம் போடுவதும் அவர். வெள்ளை வளையம் இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, குழந்தைகூடத் தொடலாம். இத்தனை வருஷமாக அவர் கையாலேயே போட்ட வளையம்.

வினை அங்கேதான் வந்தது.

சற்று முன்னால் டீக்கடையில் இருவரும் ஒரு டீயும் பன்னும் முடித்தார்கள். “நான் மெதுவா உருட்டிக்கிட்டு போறேன். நீ வந்து பிடிச்சுக்கோ” என்று அத்தான் முதலில் கிளம்பிவிட்டார். எப்போதும் அப்படித்தான். ஏற்றம் வந்தால் அவர் சைக்கிளை ஓட்டுவதில்லை, நடத்திக்கொண்டு போவார். அவள் குழாயடியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறங்கிய விவசாயிக்கு மூச்சு வாங்கியது.

“எவனோ என் கம்பத்தடியில இருந்த குண்டைத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தவில்லை. “அதைப் போய் எவன்யா எடுப்பான்? பேரிச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டான்.”

“விளையாடாதப்பா. நேத்து உழும்போது ஏர்ல மாட்டுச்சு. தூங்குற பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வந்து லைட் கம்பத்தடியில வச்சேன். யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு சுண்ணாம்புல அது மேலயே சுத்திக் கோடும் போட்டேன். பட்டாளத்து வண்டி வந்து எடுத்துக்கும்னு இருந்தா, இப்ப கம்பம் மட்டும் நிக்குது.”

அந்தப் பக்கத்து வயல்களில் அதுதான் முறை. மண்ணுக்குள் கிடக்கும் பழைய குண்டு உழவில் கிளம்பினால் ரோட்டோரக் கம்பத்தடிக்குக் கொண்டுவர வேண்டும். குண்டின் மேல் சுண்ணாம்பு வளையம் போட வேண்டும். போட்டால் உயிருள்ள குண்டு, தள்ளி நில் என்று அர்த்தம்.

பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

காலையில் அத்தான் ஒரு லைட் கம்பத்தடியில் குனிந்திருந்தார். அவள் திரும்பிப் பார்த்தபோது அவசரமாகத் தன் பையை மூடினார். “என்ன அத்தான்?” என்று கேட்டாள். “ஷூ லேஸ்” என்றார். அவர் காலில் கிடந்தது செருப்பு. ஒதுங்கியிருப்பார், கூச்சப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

அவள் அதைச் சொன்னதும் விவசாயி பட்டாளத்துக்கு போன் போட்டு அவள் காதில் வைத்தார். மறுமுனையில் இருந்த அதிகாரி அதட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

“அது எத்தனை காலமா மண்ணுல ஊறிக் கிடந்ததோ தெரியாது. எப்ப என்ன பண்ணும்னு அதுக்கே தெரியாதும்மா. ஆளை நிறுத்துங்க. பையைத் திறக்க வேணாம், சைக்கிளைச் சாய்க்க வேணாம். நாங்க வர்ற வரைக்கும் நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டே நிக்கட்டும்.”

“அவர் கல் ரோட்டுப் பக்கம் போயிட்டிருக்கார்.”

 “போக விடாதீங்க” என்றார் அதிகாரி.

“டிராக்டர்ல ஏறு தாயி” என்றார் விவசாயி.

“உங்க டிராக்டர்ல போனா அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.” சைக்கிளில் தாவி ஏறியவள்தான்.

இப்போது ஓடுதளம் முன்னால் நீண்டு கிடந்தது. கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. ஒவ்வொரு விளிம்பிலும் சக்கரம் ஏறி இறங்க, பையில் டொக் என்றது. இடதுபுறம் கூரை போன விமானக் கொட்டகை. வலதுபுறம் துப்பாக்கி நீட்டுவதற்கு மட்டும் ஓட்டை வைத்த காவல் அறை. வேறு நாளாக இருந்தால் அத்தான் அதற்குள் தலையை விட்டு ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

சைக்கிள் இன்றைக்கு என்னவோ முரண்டு பிடித்தது. டீக்கடையிலிருந்தே ஒரு பக்கமாக இழுத்தது. காற்றாக இருக்கும், அல்லது சைக்கிளுக்கு வயசாகிவிட்டது. தனக்கு வயசாகிவிட்டது என்று நினைக்க அவளுக்கு மனமில்லை.

ஒரு கையால் ஓட்டிக்கொண்டே போனை எடுத்து அத்தானை அழைத்தாள். மணி அடித்தது, அவளுடைய ஹேண்டில் பையிலேயே. சார்ஜ் இறங்கிவிடும் என்று தன் போனையும் அவளிடமே போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். கண்ணாடிக் கூடு, குடை, போன், எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுவதே அவருக்குப் பிழைப்பு. வீடு போய்ச் சேரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வீடு போய்ச் சேரட்டும்.

ஓடுதளம் முடிந்த மேட்டிலிருந்து ஏரி தெரிந்தது. கரையோர ரோட்டில் அத்தானின் சிவப்பு ஸ்வெட்டரைத் தேடினாள். காணோம்.  அப்புறம்தான் வெள்ளைச் சட்டையில் ஒரு உருவம் கண்ணில் பட்டது. அத்தானேதான். ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறார். அவள் நினைத்ததைவிட எவ்வளவோ தூரம் போயிருந்தார். ஏற்றத்தில் நடக்கிறவர் இன்று சீட்டில் உட்கார்ந்தே ஏறிவிட்டாரா? அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு?

யோசிக்க இது நேரமில்லை. மணியை அடித்தாள். விடாமல் அடித்தாள்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினார். ஆட்டிவிட்டுக் குனிந்து வேகமாக மிதிக்கத் தொடங்கினார்.

போட்டி. கடைசியில் வருகிறவர் அடுத்த கடையில் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். மணி அடித்தால் முந்தப் போகிறேன் என்று அர்த்தம். தவளை தன் வாயாலேயே கெட்டது போல் அவள் தன் மணியாலேயே கெட்டாள்.

மேட்டிலிருந்து பாலத்துக்கு நேரே இறங்கும் சரிவில் டாங்கிகளைத் தடுக்க நட்ட கான்கிரீட் முளைகள் வரிசை வரிசையாக நின்றன. இடையில் ஒரு சைக்கிள் நுழையும் இடம். பிரேக்கை விட்டாள். பெடல் ஒரு முளையில் உரசியது. வலது பை அடுத்ததில் மோதி, அவளையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது. எப்படியோ நிமிர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டில் ஏறி, பாலத்தின் வாயில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினாள்.  அத்தான் எதிரே வந்து ஒரு காலை ஊன்றினார். அவருக்குப் பின்னால் தார் ரோடு, அவளுக்குப் பின்னால் கல் ரோடு.

“தோத்துடுவேன்னு குறுக்க வந்து மறிக்கிறியா? இது போங்கு.”

“அசையாதீங்க அத்தான். காலையில கம்பத்தடியில என்ன எடுத்தீங்க?”

அத்தானின் சிரிப்பு அசட்டுச் சிரிப்பானது. “பார்த்துட்டியா? காலிக் குண்டும்மா. அம்மிக் குழவி சைஸ்ல ஒண்ணு நம்ம அலமாரியில குறையுது. நாளைக்கு மேனேஜர் மேஜையில வச்சா அசந்துடுவார். உன்கிட்ட சொன்னா அக்காகிட்ட போட்டுக் குடுப்பே, அதான் சொல்லலை.”

“காலின்னு யார் சொன்னா?”

“வெள்ளை வளையம் இருந்துச்சே.”

“அது பெயிண்ட் இல்ல, சுண்ணாம்பு. நீங்க காலின்னு போடுவீங்க. இங்க விவசாயிங்க கிட்ட வராதேன்னு போடுவாங்க. அது உயிரோட இருக்கு அத்தான். பட்டாள வண்டி வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் சைக்கிளைச் சாய்க்காம, பையைத் தொடாம, அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அவ்வளவுதான். நான் இங்கேயேதான் இருப்பேன்.”

அத்தானின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.  பிறகு அவர் செய்ததை அவள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

ஹேண்டிலை விட்டுவிட்டார்.

சைக்கிள் தடாலென்று ரோட்டில் விழுந்தது. அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. விழுந்த மணி ஒருமுறை கிணுங்கி அடங்கியது. கண்ணைத் திறந்தாள். அவருடைய பை வாய் பிளந்து கிடந்தது. ஒரு துண்டு, இரண்டு வாழைப்பழம், பஞ்சர் ஒட்டும் டப்பா. வேறொன்றும் இல்லை.

“உங்களுக்கு என்ன ஆச்சு அத்தான்?” அவரிடம் ஓட, அவள் கால் தானாக ஸ்டாண்டைத் தேடியது.

“ஸ்டாண்டைத் தட்டாதே.”

கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். அவர் தன் சைக்கிளைப் பார்க்கவே இல்லை. செருப்பு ஓசை கேட்காமல் அடிமேல் அடி வைத்து வந்து, அவளுடைய கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

“ஏத்தத்துல மிதிக்க முடியலைம்மா. டீக்கடையில நீ குழாயடிக்குப் போனப்ப...”

வேலி. ஓடுதளம். அந்த முளை. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவள் முதுகில் ஏறின. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

“உன் வலது பையில” என்றார் அத்தான். “என் ஸ்வெட்டரைச் சுத்தி வச்சேன்.”