அத்தை காணாமல் போன சனிக்கிழமை

என் மாமனார் வில்ஃப்ரீட், ஈஸகெம் ஊரில் குளியலறை டைல்ஸ் கடை வைத்திருப்பவர். டைல்ஸைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பற்றி அவருக்குத் தெரியும். அவருடைய தம்பி குடும்பத்தோடு பாரிஸ் போய் வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போட்டோ காட்டியதில் இவருக்கு வயிறு எரிந்துவிட்டது.

"நம்ம தலைநகர்ல இல்லாததா அங்க இருக்கு? சனிக்கிழமை எல்லாரும் பிரஸ்ஸல்ஸ் போறோம். ஒரே நாள்ல அத்தனையும் பாக்கறோம்" என்றார். எல்லாரும் என்றால் அவர், என் மாமியார் கோடலீவா அத்தை, என் கணவர் ஸ்டைன், நான்.

ரயிலிலேயே சட்டங்கள் ஆரம்பமாகிவிட்டன. வேகமாக நடக்க வேண்டும். கண்ட இடத்தில் உட்காரக் கூடாது. பிரஸ்ஸல்ஸில் எல்லாரும் திருடர்கள் என்பதால் அத்தையின் கைபேசி மாமாவின் கோட்டுப் பையில் இருக்கும். முக்கியமாக, யாரும் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"இது நம்ம நாட்டுத் தலைநகர். நம்ம பாஷையிலதான் பேசுவோம். புரியலேன்னா அவன் கத்துக்கட்டும்" என்றார். பிரெஞ்சு மாமாவுக்கு ஆகாது. டச்சு பேசும் எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான் என்றாலும், மாமா அளவுக்கு யாரும் போகமாட்டார்கள். பிரெஞ்சில் எழுதியிருக்கிறது என்று ஒரு ஷாம்பு பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

பெரிய சதுக்கத்தில் நகர மண்டபக் கோபுரத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினார். கோபுரம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பதைக் காட்டி, கட்டியவன் எப்படிக் கணக்கு போட்டிருக்க வேண்டும், தானாக இருந்தால் எப்படிக் கட்டியிருப்பேன் என்று விளக்கினார். சுற்றிலும் தங்க முலாம் பூசிய வீடுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அத்தை அவற்றைப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினார்.

"கோடலீவா, நான் இங்க பேசிட்டிருக்கேன்."

"கேட்டுட்டுதாங்க இருக்கேன்" என்றார் அத்தை. முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிற பதில் அது.

அங்கிருந்து, ஒன்றுக்குப் போகும் சிறுவன் சிலைக்குப் போனோம். உலகமே வந்து பார்க்கும் அந்தச் சிலை இரண்டு அடி உயரம்கூட இருக்காது. முன்னால் நெதர்லாந்திலிருந்து பேருந்தில் வந்த பெண்கள் கூட்டம் ஒன்று நின்றது. எல்லாருக்கும் அத்தையின் வயது இருக்கும்.

"அட, இவ்வளவுதானா!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. முன்னால் போய் நின்று, அளவு முக்கியமில்லை, வரலாறுதான் முக்கியம் என்று சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார். அந்தப் பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் அவர்களில் உயரமான ஒருத்தி, "ரொம்ப நன்றிங்க. நீங்க ஜெர்மனியா?" என்று கேட்டாள்.

தானும் அவளும் ஒரே மொழிதான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அத்தை வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. உயரமான பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். டினகே என்று பெயர் சொல்லி, கையிலிருந்த வாஃபிளில் பாதியைப் பிய்த்து அத்தையிடம் நீட்டினாள்.

"நடங்க, நடங்க! அரண்மனை இருக்கு" என்று மாமா கிளம்பிவிட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம். நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது, அத்தை மூக்கில் சர்க்கரைத் தூளோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மேட்டில் ஏறும்வரை மாமா வாயை மூடவில்லை. அரண்மனை வாசலில் போட்டோவுக்குத் திரும்பியபோதுதான் ஆள் குறைவது தெரிந்தது.

"உங்கம்மா எங்கடா?"

"உங்க பின்னாலதானேப்பா வந்தாங்க" என்றார் ஸ்டைன்.

வந்த வழியே இறங்கினோம். சிலையிடம் அத்தை இல்லை, நெதர்லாந்துப் பெண்களும் இல்லை. சதுக்கத்தில் தேடினோம், சாக்லேட் கடைகளில் தேடினோம். மாமா தெருவில் நின்று "கோடலீவா!" என்று கத்த, ஜப்பானியர்கள் அவரைப் படம் எடுத்தார்கள். இதற்கு நடுவே அவருடைய கோட்டுப் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்து, "ஏதோ வெளிநாட்டு நம்பர். சோலார் பேனல் விக்கறவனா இருப்பான்" என்று துண்டித்தார். இன்னும் இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் துண்டித்தார்.

கடைசியில் காவல் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்த பெண் காவலர் டச்சில்தான் பேசினார். ஆனால் மாமா பதற்றத்தில் கொட்டிய ஊர்ப் பேச்சு அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கொஞ்சம் மெதுவா, ஐயா" என்றார். மாமா சத்தமாகச் சொன்னார். "மெதுவா" என்றார் அவர் மறுபடி.

அப்போதுதான் அது நடந்தது. மாமா மேசையில் கையை ஊன்றி, மூச்சை இழுத்து, பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். தட்டுத்தடுமாறி அல்ல. அருவி மாதிரி. பள்ளியில் ஆறு வருடம் படித்த எனக்கே அவர் வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டைனுக்கு வாய் திறந்தது திறந்தபடி.

"ஆ, ஐயாவும் எங்க பிரெஞ்சுப் பக்கமா!" என்று முகம் மலர்ந்த காவலர் எழுத ஆரம்பித்தார். "மனைவி என்ன நிறத்துல கோட்டு போட்டிருந்தாங்க?"

அருவி நின்றது.

"நீலம்" என்றார் மாமா. "இல்ல, சாம்பல். கோட்டு மாதிரிதான் இருந்துச்சு."

"கண்ணு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இன்றைக்கென்றே அத்தை வாங்கிய கோட்டு அது. கடும் சிவப்பு. காலையில் நடைமேடையில் அதைப் போட்டுக்கொண்டு மாமா முன்னால் இரண்டு முறை திரும்பிக் காட்டினார். மாமாவோ ரயில் அட்டவணையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பை மறுபடி அடித்தது. மாமாவின் விரல் துண்டிக்கப் போனது.

"அது யாரோட போன், ஐயா?" என்றார் காவலர்.

"மனைவியோடது."

"அப்ப எடுத்துத்தான் பாருங்களேன்."

எடுத்தார். பக்கத்தில் நின்ற எங்களுக்கே அத்தையின் குரல் கேட்டது. "எத்தனை தடவைங்க அடிக்கறது? எனக்கு என் நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம். டினகேயோட போன்லேர்ந்து பேசறேன்."

"எங்கடி இருக்கே?"

"அட்டோமியத்துல. உருண்டை உருண்டையா நிக்குமே, அந்தக் கோபுரத்தோட உச்சி உருண்டையில. ஊரே தெரியுது."

"யாரைக் கேட்டுப் போனே?"

"கேக்கத்தான் திரும்பினேன். நீங்க தெருமுனைல இருந்தீங்க. இவங்க பஸ்ல ஒரு சீட் காலியா இருந்துச்சு, ஏறிட்டேன். சாயங்காலம் ஸ்டேஷன்ல இறக்கி விடறாங்களாம். வச்சுடவா? காப்பி ஆறுது."

மீதி நாளில் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "பிரெஞ்சு எப்படிப்பா?" என்று ஸ்டைன் கேட்டதற்கு, "பட்டாளத்துல கத்துக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அத்தை வந்தார். கன்னம் சிவந்து, கோட்டு திறந்து, கையில் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலம். ரயிலில் ஏறியதும் ஸ்டைனால் அடக்க முடியவில்லை. "அம்மா, அப்பா போலீஸ்கிட்ட பிரெஞ்சு பேசினாரும்மா! பட்டாளத்துல கத்துக்கிட்டாராம்."

"பட்டாளமா?" என்றார் அத்தை உருளைக்கிழங்கை மென்றுகொண்டே. "உங்கப்பனைப் பெத்தவங்க மூஸ்க்ரோன் ஊர்க்காரங்க. பிரெஞ்சைத் தவிர வேற எதுவும் வராது. வெளியில சொல்லக் கூடாதுன்னு கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. அதுவரைக்கும் தினமும் ராத்திரி சாப்பாட்டுல அம்மாவும் மகனும் பிரெஞ்சுதான். என்னைப் பத்திப் பேசணுமே."

மாமா ஜன்னலை விட்டுத் திரும்பினார். "உன்னைப் பத்தின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷம் தினமும் கேட்டா மாட்டுக்கே புரியும்."

மாமாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"எல்லாமேவா புரிஞ்சுது?" என்றார் மெல்ல.

"சூப்பு தண்ணியா இருக்குங்கறதுலேர்ந்து, என் தங்கச்சியைக் கட்டியிருக்கலாம்ங்கற வரைக்கும்."

ஸ்டைன் இருமினார். நான் பைக்குள் எதையோ தேடினேன். அத்தை எழுந்து, கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"வசந்தத்துல டினகே என்னை அவங்க ஊருக்குக் கூப்பிட்டிருக்கா. ஒரு வாரம்."

"நானும் வரேனே" என்றார் மாமா.

"அவங்களுக்கு நீங்க பேசறது புரியாதுங்க" என்றார் அத்தை, கடைசி உருளைக்கிழங்கை எனக்கு நீட்டியபடி.