வெர்னாவுக்கு உதைக்காத தோட்டா

சுட்ட குண்டு வெளியே வரவில்லை. காரணம் ஹார்லன்.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் பயிற்சி. வெர்னா அந்தப் பெரிய நாற்பத்தைந்து காலிபர் ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்து, வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டாள். டமார் என்று வரவேண்டிய இடத்தில் சோடா மூடியைத் திறந்ததுபோல ‘புஸ்’ என்றது. பின்னால் நின்றிருந்த புருஷன், அறுபத்தேழு வயது, நாற்பத்தொரு வருஷமாகத் தன் தோட்டாவைத் தானே செய்துகொள்கிற ஆள், எல்லாம் தெரிந்தவன், சொன்னது இதுதான்:

“பாத்தியா, உதையே இல்ல. ம், அடுத்தது.”

வெர்னா அடுத்ததைச் சுடவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் காதுமூடியைக் கழற்றினாள்.

“ஹார்லன், அட்டையில ஓட்டை விழல.”

“குறி தப்பியிருக்கும்.”

“தப்பல. உள்ளயே நிக்குது.”

உள்ளேதான் நின்றது. குழலின் பாதி வழியில், தொண்டையில் மாட்டிய முள்போல. அவன் பேச்சைக் கேட்டு அவள் இன்னொரு முறை விசையை இழுத்திருந்தால், பின்னால் வந்த குண்டு முன்னால் நின்றதில் மோதித் துப்பாக்கி அவள் கையிலேயே வெடித்திருக்கும். வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்களுக்கு ஹார்லன் பாடம் எடுக்கிற விஷயம் இது. விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வான். ‘சத்தம் சின்னதா வந்தா நிறுத்து. எவன் என்ன சொன்னாலும் நிறுத்து.’ அந்த எவன் தானாகவே இருப்பான் என்று அவன் நினைத்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பிக்கப் வண்டியில் அவன் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். மூன்று தடவையும் வெர்னா ஜன்னலுக்கு வெளியே கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“பரவாயில்ல.”

கிழக்கு மோன்டானாவில் அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையையும் அவன் அன்று முழுவதும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நல்லதாகப் படவில்லை.

வினை தொடங்கியது மூன்று குளிர்காலத்துக்கு முன்னால். வெர்னா வாசல் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இருபத்தெட்டு வருஷம் மண் ரோட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை. பிரித்த அடுத்த திங்கட்கிழமையே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டது. கட்டைப் பிரிக்காமல் இருந்தது ஹார்லன் மட்டும்தான், தன் மனசுக்குள். மறுபடி சுட வந்தபோது அவள் கண்ணை மூடுவதைக் கவனித்தான். துப்பாக்கி பின்னால் உதைப்பதை அவள் கை தாங்கவில்லை என்று முடிவுகட்டினான். தோட்டாவில் போடுகிற வெடிமருந்தைக் கொஞ்சம் குறைத்தான். “இப்ப எப்படி?” என்றான். “நல்லாருக்கு” என்றாள். ஆனால் கண் மூடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தான். “நல்லாருக்கு.” இன்னும் கொஞ்சம். இப்படியே இறங்கி இறங்கி, அளவுப் புத்தகத்தின் கடைசி வரியையும் தாண்டிக் கீழே, எந்தப் புத்தகமும் எட்டிப் பார்க்காத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

சனிக்கிழமை ஜோடிப் போட்டி. மேசைமேல் ஐந்து பழைய பௌலிங் கட்டைகளை நிறுத்துவார்கள். சும்மா விழுந்தால் கணக்கில்லை, மேசையை விட்டே கீழே உருள வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வெர்னாவும் அவனும் அதில் சேர்ந்து நிற்கிறார்கள். பரிசு ஒரு பன்றித் தொடை. அது பெரிய விஷயமில்லை. அவன் கையால் செய்த தோட்டாவை நம்பி அவள் இனி விசையை இழுப்பாளா என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்தில் ஒருத்தர் செய்த தோட்டாவை இன்னொருத்தர் சுடவே மாட்டார்கள். அண்ணன் செய்ததைத் தம்பி தொடமாட்டான். பல்துலக்கும் பிரஷ் மாதிரி. பன்னிரண்டு வருஷமாக அவன் செய்ததை மட்டும், என்ன போட்டாய், எவ்வளவு போட்டாய் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் சுட்டவள் அவள். ஹார்லனுக்குத் தெரிந்து யாரும் அவனை அவ்வளவு நம்பியதில்லை, பாங்கு உள்பட.

திங்கட்கிழமை கராஜில் உட்கார்ந்து முதலில் குழலிலிருந்து குண்டைத் தட்டி இறக்கினான். பிறகு, செய்து வைத்திருந்த மென்மையான தோட்டாக்கள் நூற்றெண்பத்து மூன்றையும் பிரிக்க வேண்டும். அதற்கென்று பிளாஸ்டிக்கில் ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டைமேல் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று விழும். ஓர் அடியில் கழலும் என்று அதன் டப்பாவில் போட்டிருந்தது. டப்பாவை எழுதினவன் ஹார்லன் செய்த தோட்டாவைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் நாலு அடி, ஐந்து அடி. தானே பிடிவாதமாக இறுக்கியதைத் தானே அடித்து அடித்துக் கழற்றுவதைப்போல மனுஷனுக்குப் புத்தி வரவைக்கிற வேலை வேறு கிடையாது. எழுபதாவதில் தோள் செத்துவிட்டது.

அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பழைய பெட்டியைக் காணோம். மூன்று வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில் செய்தது, முழு மருந்து. பெட்டிகளில் தேதி எழுதாமல் அவன் தூங்கப் போகமாட்டான். அதனால் காணாமல் போனது உறுத்தியது.

“வெர்னா, அக்டோபர் பெட்டி ஒண்ணு பாத்தியா?”

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “எங்கயாவது இருக்கும்.”

செவ்வாய்க்கிழமை துப்பாக்கிக் கடை டுவைட்டிடம் போனான். டுவைட் முப்பது வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்.

“மெதுவாவும் இருக்கணும், நிச்சயமா வெளிய வரவும் செய்யணும். எந்த மருந்து, எவ்வளவு? ஒரு வார்த்தையில சொல்லு.”

“புத்தகம் என்ன சொல்லுது?” என்றான் டுவைட்.

“புத்தகத்தைக் கேக்கணும்னா வீட்லயே கேட்டிருப்பேன்.”

“அது துப்பாக்கியைப் பொறுத்தது.”

“என் துப்பாக்கி உனக்குத் தெரியும்யா. நீதானே வித்த.”

“அப்பகூட” என்று டுவைட் ஸ்டூலைத் திருப்பிக்கொண்டான்.

வெடிமருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டான். இனிமையான குரலில் ஒரு பெண். அட்டவணைக்குக் கீழே எதையும் பரிந்துரைக்க முடியாது, சார். அட்டவணையிலேயே எது மென்மை? அது பல விஷயங்களைப் பொறுத்தது, சார். என் மனைவியின் மணிக்கட்டு, என்று ஆரம்பித்தான். அதற்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள், சார்.

புதன்கிழமை பழைய சிநேகிதன் மெர்லைக் காபிக்கடையில் பிடித்தான். மெர்ல்தான் ஜல்லிக் குழிக்குப் பொறுப்பு, போட்டியை நடத்துகிறவனும் அவனே.

“நீ உன் பொண்டாட்டிக்கு எவ்வளவு போட்டுக் குடுக்கற?”

மெர்ல் ருபார்ப் கேக்கை நிதானமாக மென்று முடித்தான். “என் துப்பாக்கிக்கு ஒத்துவர்றது உன்னோடதுக்கு ஒத்துவராது.”

“நான் அதைச் செய்யப் போறேன்னு சொல்லலையே. தெரிஞ்சுக்கக் கேக்கறேன்.”

“தெரிஞ்சுகிட்டா செய்வே.”

“ஒரு மனுஷன் கேட்டா நேரா பதில் சொல்ல இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் வாய் வராதா?”

“போன வருஷம் நான் உன்கிட்ட இதையேதான் கேட்டேன்” என்றான் மெர்ல். “நீ என்ன சொன்ன?”

ஹார்லன் காபியைப் பார்த்தான். துப்பாக்கியைப் பொறுத்தது என்று சொல்லியிருந்தான். கூடவே விரலையும் ஆட்டியிருந்தான்.

கடைசியில் புத்தகத்தையே விரித்தான். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில், இரண்டு நாள் ஊரெல்லாம் கேட்ட கேள்விக்கு விடை அச்சடித்துக் கிடந்தது: தோட்டாவின் பித்தளைக் கூட்டை நன்றாக நிரப்புகிற, பஞ்சு மாதிரி லேசான ஒரு மருந்து. அட்டவணைக்கு ஓர் அங்குலம்கூடக் கீழே இறங்காமல் ஐம்பது செய்தான். ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்து மருந்து இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மறுபடி பார்த்தான். தனியாகப் போய்ப் பத்தைச் சுட்டான். எல்லாம் வெளியே வந்தன. உதை, தோளில் தட்டி நலம் விசாரிக்கிற மாதிரி.

சனிக்கிழமை நல்ல காற்று. ஜல்லிக் குழியில் இருபது பிக்கப். வெர்னா மேசைமுன் நின்றாள், வலது இடுப்பு உறையில் ரிவால்வர், தோளில் பெரிய கைப்பை. பையைக் கீழே வை என்று அவளிடம் சொல்லிப் பார்ப்பதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். ஹார்லன் பின்னால், எப்போதும் நிற்கிற இடத்தில், ஒரு கை தூரத்தில்.

“புதுசு. புத்தகப்படி செஞ்சது. நானே சுட்டுப் பாத்தேன்.”

“சரி.”

“மணிக்கட்டு?”

“இருக்கு.”

மெர்ல் விசிலடித்தான். வெர்னா கண்ணை மூடினாள். முதல் கட்டை ‘டொக்’ என்று சாய்ந்து மேசைமேலேயே படுத்துக்கொண்டது, மத்தியானத் தூக்கம் போடுகிறவன் மாதிரி. இரண்டாவதும் அதன் பக்கத்தில் படுத்தது. மூன்றாவது மட்டும் உருண்டு விழுந்தது. மீதி மூன்று குண்டில் ஒன்று கட்டையைத் தொட்டது, இரண்டு மண்ணைத் தொட்டன.

“ஹார்லன், தலகாணி கொண்டு வந்து குடேன், பாவம் தூங்கட்டும்” என்றான் மெர்ல். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

“இன்னும் மூணு சுற்று இருக்கு” என்றான் ஹார்லன்.

வெர்னா சுட்ட கூடுகளைப் பொறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் காபிப் பானைக்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டர் செத்தது. எத்தனை பேர் நின்றாலும் இயந்திரம் நின்றால் ஹார்லன்தான் போகவேண்டும். நாற்பது வருஷம் அறுவடை இயந்திரம் ரிப்பேர் பார்த்த பாவம். சுடுகிறவர்கள் நிற்கிற கோட்டுக்குப் பின்னால் அறுபதடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எரிபொருள் குழாயை வாயால் ஊதிக்கொண்டிருந்தபோது வெர்னாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து ஓடுவதற்குள் விசில் அடித்துவிட்டது.

டமார்.

அவன் செய்த மென்மையான தோட்டாவின் சத்தம் இல்லை அது. நெஞ்சில் வந்து இடிக்கிற சத்தம். ஐந்து முறை கேட்டது, நிதானமாக, பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போவதுபோல. நிமிர்ந்து பார்த்தபோது மேசைமேல் ஒரு கட்டைகூட இல்லை. பக்கவாட்டிலிருந்து அவள் முகம் தெரிந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

எரிபொருள் நாக்கில் கசந்தது. மெர்லிடமிருந்து தோட்டாவைக் கடன் வாங்கியிருக்கிறாள் என்று உடனே தோன்றியது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வேறொருத்தன் செய்ததை. கேட்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் கேட்டான்.

“மெர்லோடதா?”

“எது?”

“இப்ப சுட்டது.”

வெர்னா கைப்பையைத் திறந்து பெட்டியை அவன் கையில் வைத்தாள். அக்டோபர் என்று அவனுடைய கையெழுத்தில் எழுதியிருந்தது.

“உன்னோடதுதான்” என்றாள். “நீ பயப்பட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செஞ்சது.”

ஹார்லன் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினான். “மணிக்கட்டு வலிக்கலையா?”

“பரவா…” என்று ஆரம்பித்தாள்.

“வெர்னா. இந்த வாரம் பூரா ஒருத்தர்கூட எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. நீயாவது சொல்லு. உதை இல்லன்னா எதுக்குக் கண்ண மூடற? அன்னிக்கு நடந்ததுக்கு என்மேல கோவமா இல்லையா?”

அவள் காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். ஜெனரேட்டர் தானாகவே ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது.

“நான் விசைய இழுக்கறதுக்கு முன்னாடி நீ பின்னால நின்னு மூச்ச இழுக்கற, ஹார்லன். ‘ஸ்ஸ்’னு. பல் பிடுங்கற நாற்காலியில உக்காந்தவன் மாதிரி. மூணு வருஷமா. அந்தச் சத்தம் கேட்டா என் கண்ணு தானா மூடிக்குது. துப்பாக்கி என்னை ஒண்ணும் பண்ணல. கோவமான்னா, ஆமா, இருக்கு, ஞாயித்துக்கிழமையிலேருந்து இருக்கு, இன்னும் ரெண்டு வாரம் இருக்கும். அந்தப் பெட்டியில முப்பத்தொம்பதுதான் மிச்சம். இதே மாதிரி இன்னும் நூறு செஞ்சு குடு. நீ செஞ்சத மட்டும்தான் சுடுவேன். ஆனா நான் சுடும்போது நீ அங்க போயி அந்த ஜெனரேட்டர்கிட்ட நில்லு.”