முதலில் மேலதிகாரியைக் கூப்பிடு

ஹாட்லி கூபியாக் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் தப்பித்தார்கள். "நல்லவேளை, பொண்ணு பொழச்சுக்கிட்டா" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் யாராவது ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் பெயர் பிரிட்டா ஹால்வர்சன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே, அங்கேயே ஒரு மாணவர் விடுதியைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் வேலையில் இருந்தேன். படிப்புக்குக் கட்டணம் இல்லை, விடுதியின் கீழ்த்தளத்தில் சமையலறையோடு ஒரு வீடு. முன்னூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தளப் பொறுப்பாளர்கள் பத்துப் பேர். அவர்களும் மாணவர்கள்தான், பத்தொன்பது இருபது வயது. அவர்களுக்கு மேல் நான். எனக்கு மேல் கார்டன் டெஷ், எல்லா விடுதிகளுக்கும் துணை இயக்குநர்.

அந்த வருடம் டெஷ் ஒரு விதி கொண்டுவந்தார். குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் மாணவரைக் கண்டால் ஆம்புலன்ஸை உடனே கூப்பிடக்கூடாது. அன்றைக்கு முறையில் இருக்கும் மேலதிகாரியை முதலில் கூப்பிட வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். முந்தின வருடம் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் படம் ஒன்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர்கள் அதைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். அதுதான் காரணம். ஆகஸ்ட் பயிற்சியில் அந்த விதியை என் பத்துப் பேருக்கும் வாசித்துக் காட்டியவள் நான்தான். சத்தமாக, தெளிவாக.

செப்டம்பரில் மூன்றாம் தளப் பொறுப்பாளன் கெங் லோர் அதை மீறினான். வாசா ஊர்ப் பையன், அப்பா அம்மா உழவர் சந்தையில் காய்கறி விற்கும், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய மோங் இனக் குடும்பம். எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் செய்வான். ஒரு மாணவன் குளியலறையில் சரிந்து கிடப்பதைப் பார்த்ததும் நேராக அவசர எண்ணை அழைத்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அந்த மாணவன் எழுந்து உட்கார்ந்து பீட்சா கேட்டான். டெஷ் என்னைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தார். நான் கெங்குக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். "இனிமேல் நடந்தால் பொறுப்பிலிருந்து நீக்கப்படுவாய்" என்ற வரியை டெஷ் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அன்றைக்கு மேலதிகாரி முறை டெஷ்ஷுடையது. காலை பதினொரு மணிக்குக் கால்பந்தாட்டம். ஆட்ட நாள் என்றால் பிள்ளைகள் ஏழு மணிக்கே தெருவில் இறைச்சி சுட்டுக்கொண்டு குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் நூலகத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பத்தொன்பதுக்குக் கெங் போன் செய்தான்.

"பிரிட்டா, மாடிப்படியில ஹாட்லி விழுந்து கெடக்கா. எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறா."

ஹாட்லி முதலாண்டு. குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று வாரம் தவறாமல் புகார் எழுதி, கூடவே ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வைத்து என் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகும் பெண்.

"டெஷ்ஷுக்குப் போட்டியா?"

"நாலு தடவ போட்டுட்டேன். எடுக்க மாட்டேங்கறாரு. ஒம்போது நிமிஷம் ஆச்சு."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. ஆனா கொறட்ட மாதிரி, விட்டு விட்டு வருது. பக்கவாட்டுல புரட்டிப் போட்டிருக்கேன். வாந்தி எடுத்திருக்கா. நான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டுரட்டுமா?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நான் வர்றேன். அதுவரைக்கும் டெஷ்ஷுக்கே போட்டுட்டு இரு. போன மாசம் மாதிரி அவசரப்பட்டு எதையாவது செஞ்சு தொலைக்காத."

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். வழியெல்லாம் எங்கள் அணியின் சிவப்புச் சட்டை போட்ட கூட்டம். ஒருவன் என் கையைத் தட்டிக் கோஷம் போடச் சொன்னான், நானும் போட்டேன். மூன்றாம் தளத்துப் படிக்கட்டுக்குப் போனபோது கெங் தரையில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்திருந்தான். அவள் உதடு நீலமாக இருந்தது. அவன் இன்னொரு கையில் போன். டெஷ்ஷின் எண் ஒலித்துக்கொண்டிருந்தது, ஆறாவது தடவையாக. அவசர எண்ணை நான் அழைத்தபோது பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம்.

ஹாட்லி நான்கு நாள் கண் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டெஷ் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"இங்க பாரும்மா. நீதான் ஆம்புலன்ஸக் கூப்பிட்ட. நீ மட்டும் வரலன்னா அந்தப் பொண்ணு கதி என்ன ஆயிருக்கும்? மேல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"கார்டன், கெங் உங்களுக்கு ஆறு தடவ போட்டிருக்கான்."

"ஸ்டேடியத்துல ஒரே இரைச்சல். போன் அடிச்சா காதுல விழுமா? அது வேற விஷயம். ஒரு பொண்ணு சாகக் கெடக்கா. படிச்ச பையன், போனக் கையில வச்சுக்கிட்டு இருபது நிமிஷம் சும்மா உக்காந்திருக்கான். இது யார் தப்புன்னு நீயே சொல்லு."

"முதல்ல உங்களக் கூப்பிடணும்னுதானே விதி?"

"எந்த விதி?"

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். விடுதி விதிகளின் பக்கம். 'உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே அவசர எண்ணை அழைக்கவும்.' மேலதிகாரி என்ற சொல்லே அதில் இல்லை. பக்கத்தின் அடியில் திருத்திய தேதி இருந்தது. அன்றைய தேதி. அதைக்கூட மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் பார்த்தாலும் வாய் திறக்க மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"அறிக்கையச் சுருக்கமா எழுது. வந்த, பாத்த, கூப்பிட்ட. அவ்வளவுதான். அதுக்கு முன்னால நடந்ததுக்கு அந்தப் பையன் பதில் சொல்லட்டும். வர்ற ஜனவரியிலேருந்து உன் வேலைய நீட்டிக்கறதப் பத்தியும் நாம உக்காந்து பேசணும், இல்லயா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்தில் வீசவேண்டும் போலிருந்தது. ஆனால் நான் கீழே போய், அவர் சொன்ன மாதிரியே அறிக்கை எழுதினேன். நான்கு வரி. கையெழுத்துப் போட்டேன். கோபம் வந்தது என்று சொல்லிக்கொள்வது எளிது. கோபத்தோடேயே கையெழுத்தும் போடலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய் மதியம் கெங் வந்தான். கதவைத் தட்டவில்லை. கையில் விசாரணைக்கு வரச்சொன்ன தாள், கூடவே என் அறிக்கையின் நகல்.

"இது என்ன பிரிட்டா?"

நகலை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நான் போன் பண்ணினதே இதுல இல்ல. நீங்க ஏதோ அந்தப் பக்கமா நடந்து வந்தப்ப தற்செயலாப் பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க."

"கெங், உக்காரு."

"உக்கார மாட்டேன். ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமான்னு நான் கேட்டேனா இல்லயா?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கெங்..."

"வாயத் திறந்து சொல்லுங்க. என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அவ மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் எண்ணிட்டு உக்காந்திருந்தேன். நீங்க சொன்னீங்கன்னுதான் எண்ணிட்டு உக்காந்திருந்தேன். இப்ப நான் அவளச் சாக விட்டவன். எங்கப்பாவுக்கு இந்தத் தாள வாசிச்சுக் காட்டினேன். 'நீ ஏண்டா கூப்பிடல, உனக்கு மனுஷத்தனம் இல்லயா'ன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வியாழக்கிழமை நிர்வாகக் கட்டடத்தில் விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு, நடுவில் ஒரு வயதான பேராசிரியை. டெஷ் நன்றாகத் தேய்த்த சட்டையில் வந்திருந்தார். எல்லாவற்றையும் வருத்தத்தோடு சொன்னார். கெங் நல்ல பையன்தான், ஆனால் நெருக்கடியில் உறைந்துபோய்விட்டான், பயிற்சியில் சொன்னதை மறந்துவிட்டான் என்றார். உறைந்துபோனானாம். அவளைப் புரட்டிப் போட்டது அவன். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் வாந்தி அடைத்தே செத்திருப்பாள் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது டெஷ்ஷுக்கும் தெரியும்.

கெங் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பேராசிரியை என்னைப் பார்த்து, "உங்க அறிக்கையில சேக்கறதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். சடங்குக்குக் கேட்ட கேள்வி. அடுத்த தாளைப் புரட்டக் கையை நீட்டிவிட்டார்.

"அந்த அறிக்கை பொய்" என்றேன்.

டெஷ், "பிரிட்டா ரொம்பக் களைச்சிருக்கா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஆறு தடவ போன் அடிச்சப்ப சும்மாத்தானே இருந்தீங்க? இப்பவும் இருங்க!"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்டில் வாசித்த விதி, திங்கட்கிழமை காலையில் மாற்றிய பக்கம், எச்சரிக்கைக் கடிதம், நூலகத்திலிருந்து நான் சொன்ன வார்த்தைகள், ஓடாமல் நடந்தது. வழியில் கோஷம் போட்டதையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை. "அவன் கேட்டான். நான் வேண்டாம்னேன். அவர் போன எடுக்கல. இந்த மேசையில தண்டனைக்கு உக்கார வேண்டியவங்க ரெண்டு பேர். கெங் அதுல இல்ல."

குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே நடைபாதையில் கெங்கிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் சட்டைப்பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினான். என் எச்சரிக்கைக் கடிதம்.

"நீங்க பேசாம இருந்திருந்தா இத எடுத்து வச்சிருப்பேன். உங்கள ஒண்ணும் காப்பாத்தணும்னு உள்ள வரல."

"அப்புறம் ஏன் முதல்லயே எடுக்கல?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றான். "சொல்லிட்டீங்க. அதுக்காக நாம சரியாயிட்டோம்னு நினைக்காதீங்க."

கெங் மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கினார்கள். பொறுப்பைத் திரும்பக் கொடுக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் பெரியப்பா மகன்களோடு ஊருக்குள் ஒரு வீட்டில் குடியேறினான். டெஷ்ஷை விடுதிகளிலிருந்து எடுத்து, 'மாணவர் நலத் திட்டங்கள்' என்று புதிதாக ஓர் அலுவலகம் திறந்து அதற்குத் தலைவராக்கினார்கள். ஆமாம், மாணவர் நலம். கதவில் பெயர்ப்பலகைகூட மாட்டிவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் பல் நறநறக்கும். எனக்கு ஜனவரியிலிருந்து வேலை இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. எனக்கு அந்தத் தண்டனை வரவேண்டியதுதான். ஆனால் அவர்கள் அதைக் கொடுத்தது நான் வேண்டாம் என்று சொன்னதற்காக அல்ல, அதை வெளியே சொன்னதற்காக.

டிசம்பர் முதல் வாரத்தில் ஹாட்லியின் அம்மா ரெனே கூபியாக் அறையைக் காலி செய்ய வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், அந்த ஜாக்கெட்டோடேயே வந்திருந்தார். சாவியோடு நான் மேலே போனேன்.

"ஹாட்லி எப்படி இருக்கா?"

"கை நடுங்குது. ஸ்பூனப் பிடிக்கப் பழகறா. வார்த்தை வாய்க்கு வர நேரமாகுது." அவர் போர்வையை மடித்துக்கொண்டே பேசினார். "விசாரணையில பேசின பொண்ணு நீதானா?"

"ஆமா."

"வேண்டாம்னு சொன்னதும் நீதான்."

"ஆமா."

அவர் மடிப்பதை நிறுத்தினார். "பல்கலைக்கழகத்து மேல கேஸ் போட்டிருக்கோம். எங்க வக்கீல் உன்னப் பத்தி நல்லவிதமாச் சொன்னாரு. தைரியசாலியாம். நீ சொன்னதாலதான் கேஸ் நிக்குதாம். நான் அவருகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? என் பொண்ணு படிக்கட்டுல கெடந்தப்ப அந்தத் தைரியம் எங்க போச்சுன்னு கேட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. இந்த அறையில் அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன். "எனக்கும் அது தெரியல, மிஸஸ் கூபியாக்" என்றேன்.

அவர் போர்வையைப் பெட்டிக்குள் வைத்தார். மன்னிக்கவில்லை. மன்னிக்கிற மாதிரி நடிக்கவும் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் உண்மையாக நடந்துகொண்டவர்கள் கெங்கும் அவரும் மட்டும்தான்.

"கோர்ட்டுல கூப்பிட்டா வருவியா?"

"வருவேன்."

"எல்லாத்தையும் சொல்லணும். உனக்குக் கேவலமா இருக்கறதையும்."

"சொல்றேன்."

"சரி. அந்த ஃபிரிட்ஜ் கனம். மறுபக்கம் பிடி."

லிப்ட் அன்றைக்குப் பழுது. அவர் முன்னால் பின்வாங்கி இறங்க, நான் பின்னால் பிடித்துக்கொண்டு, மூன்று தளத்தையும் படி படியாக இறங்கினோம். "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

வழக்கு மார்ச்சில் வருகிறது. நான் இப்போது ஊருக்குள் ஒரு அறையில் இருக்கிறேன், பகலில் ஒரு பெயின்ட் கடையில் வேலை. பல்கலைக்கழகத்தின் வக்கீல் இரண்டு தடவை போன் செய்து, என் சாட்சியத்தைப் பற்றிச் சமரசமாகப் பேசலாமே என்றார். இரண்டு தடவையும் அவர் பேசி முடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.