டெல்பர்ட் முதலையின் இடது கை

காலை ஏழு மணிக்கே ஓபல் புலம்ப ஆரம்பித்துவிட்டாள். லேக்லேண்டிலிருந்து காரை ஓட்டி வந்தவள் அவள். ஒரு வாய் காபி கூடக் குடிக்கவிடாமல் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தவள் அக்கா வெர்னா. அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற இரண்டு பொம்பளைகள் ஒரே நாளில் நாலு பூங்காவுக்குப் போவது, அதுவும் ராட்டினம் ஏற இல்லை, மிருக உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற ஆட்களிடம் கையெழுத்து வாங்க என்றால், யார்தான் புலம்பமாட்டார்கள்?

"பேரப்பிள்ளைங்க எங்கேன்னு யாராவது கேட்டா என்னடி சொல்லுவே?"

"கக்கூஸ் போயிருக்காங்கன்னு சொல்லுவேன். வாயை மூடிட்டு வா."

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் கரண்டி பிடித்தவள் வெர்னா. நானூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிற குரல் அவளுக்கு. ஓபல் எந்த மூலைக்கு?

விஷயம் இதுதான். வெர்னாவுக்கும் அவள் புருஷன் ஹார்லனுக்கும் பிள்ளை குட்டி கிடையாது. ஆனாலும் வருஷம் தவறாமல் கல்யாண நாளன்று இந்தப் பூங்காக்களுக்கு வந்துவிடுவார்கள். லாரி ஓட்டுகிற மனுஷன், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். டெல்பர்ட் முதலையைக் கண்டால் மட்டும் ஐந்து வயசுப் பிள்ளையாகிவிடுவார். ஓலைத் தொப்பி, சிவப்பு வார், முன்னே தள்ளிய தொந்தி என்று ஆறடி உயரத்துக்கு நிற்கும் டெல்பர்ட். "என் தம்பிடி அவன்" என்பார். தொந்தியில் ஒற்றுமை இருந்தது என்னவோ உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டு மாசக் கல்யாண நாளுக்கு அவர் ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். மே மாசம் மாரடைப்பில் போய்விட்டார். டிக்கெட் இரண்டும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியபடி இருந்தன. வெர்னா தனியாக வந்தாள். டெல்பர்ட்டின் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "இந்த வருஷம் நான் மட்டும்தான்" என்று சொல்ல வாயெடுத்தவள் முடிக்கவில்லை. அந்தப் பச்சை வெல்வெட் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"முதலையைக் கட்டிப்பிடிச்சு நிஜக் கண்ணீர் விட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்று ஓபல் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

முதலை விடவில்லை. கூட நின்ற துணையாள், "டெல்பர்ட் தண்ணி குடிக்க நேரமாச்சு" என்று இரண்டு தடவை சொல்லியும் அது தலையை ஆட்டி மறுத்துவிட்டது. அவளை நிழலில் ஒரு பெஞ்சுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தது. ஹார்லனைப் பற்றி, இரண்டு டிக்கெட்டைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கேட்டது. கடைசியில் அவள் கையெழுத்துப் புத்தகத்தை வாங்கி, இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

சாயங்காலம் கார் நிறுத்தத்துக்குப் போகிற வண்டியில் யாரோ ஒருத்தி பேசிக்கொண்டு வந்தது வெர்னாவின் காதில் விழுந்தது. முதலை இருந்த இடத்துக்குப் பின்பக்கம் ஆம்புலன்ஸ் வந்ததாம். உள்ளே இருந்த ஆளுக்கு வெயில் தாங்கவில்லையாம்.

பூங்கா அலுவலகத்துக்கு வெர்னா மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: "டெல்பர்ட் நலமாக இருக்கிறார். உங்களுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னார்." கூடவே கையாட்டுகிற முதலையின் படம். படத்தைக் கிழித்துப் போடப் போனவள், ஹார்லனின் தம்பியாயிற்றே என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

போன மாசம் ஓபலின் சலூனுக்கு முடிக்குச் சாயம் போட ஒரு குள்ளமான பெண் வந்தாள். அந்தப் பூங்காவில் வேலை பார்த்தவளாம். "நான் அங்கே ரக்கூனுக்கு ஃப்ரெண்டு" என்றாள். உள்ளே இருந்தது நான்தான் என்று யாரும் சொல்லவே கூடாதாம். வேலையை விட்ட பிறகும் 'ஃப்ரெண்டு' என்றுதான் சொல்லவேண்டுமாம். ஓபல் தூண்டில் போட, அவள் மேலும் சொன்னாள். உடுப்பு உயரத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆறடி ஆட்கள் முதலை, கடமான், வால்ரஸ், கரடி என்று மாறி மாறிப் போடுவார்கள், இன்று ஒரு பூங்கா, நாளை ஒரு பூங்கா. யார் உள்ளே போனாலும் கையெழுத்து அச்சு அசல் ஒன்றாக வரும்படி பழக்கிவிடுவார்கள். கை மட்டும் அவரவர் கைதான்.

பிறகு சாயம் காய்கிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னாள். யாராவது கட்டிப்பிடித்தால் மிருகம் முதலில் விடக்கூடாது. வந்தவர்தான் விடவேண்டும். அது சட்டம்.

ஓபல் இதையெல்லாம் வெர்னாவிடம் போனில் சொன்னாள்.

"அப்ப நான் விட்டிருந்தா அவனும் விட்டிருப்பான், ஓபல். விடாம நின்னது நான்தான். ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்து தூங்கியிருக்கேன்."

அதனால்தான் இந்த நாள். அந்த இடது கைக்காரன் பிழைத்து நடமாடுகிறானா என்று கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்து, நன்றி சொல்லவேண்டும்.

முதல் பூங்காவில் தபால்காரக் கடமான். கொம்பில் தபால் பை தொங்கியது. வெர்னா புத்தகத்தை நீட்டிவிட்டு அதன் கையையே பருந்து மாதிரி பார்த்தாள். வலது கை. "தேங்க்ஸ்" என்று பிடுங்காத குறையாகப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். கட்டிப்பிடிக்கக் கையை விரித்த கடமான் அப்படியே நின்றது.

"பாவம்டி, ஒரு தடவை கட்டிக்கிட்டாத்தான் என்ன?" என்று ஓபல் போய்க் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் மெல்ல ருசி தட்டிவிட்டது.

படகில் ஏறி இரண்டாவது பூங்கா. வால்ரஸ் மாலுமி தந்தத்தை ஆட்டிக்கொண்டு வந்தது, பேனாவை வாங்கியது, இடது கையால் போட்டதே ஒரு கையெழுத்து! வெர்னா பாய்ந்து கிட்டே போனாள்.

"கண்ணு! நீதானா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆகஸ்டு பதினாலு, மஞ்சக் கவுன் போட்டுக்கிட்டு ஒருத்தி அழுதாளே? உடம்பு நல்லா இருக்கா உனக்கு?"

வால்ரஸ் திருதிருவென்று விழித்தது. அட, அதன் கண் எப்போதும் அப்படித்தான். ஆனால் அந்த நேரம் நிஜமாகவே விழித்த மாதிரி இருந்தது. ஓபல் அக்காவின் முழங்கையை இடித்தாள். வால்ரஸின் வலது கையை ஒரு குட்டிப்பெண் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை அவள் அம்மா இழுத்து எடுத்ததும், அடுத்த புத்தகத்தில் வால்ரஸ் வலது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டது.

"உன் முதலைக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். வலது கையை நீ பிடிச்சிருந்திருப்பே" என்றாள் ஓபல், வெளியே வந்ததும்.

"இல்லவே இல்ல. என் ரெண்டு கையும் அப்ப மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்துச்சு."

"சீச்சீ. அந்த வெல்வெட்லயா?"

வெர்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் வறுத்த வான்கோழிக் கால் ஒன்றை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து மாறி மாறிக் கடித்தார்கள். பிப்ரவரி வெயில் முதுகில் இதமாகக் காய்ந்தது. இப்படி இருவரும் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து சுற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை, சொன்னால் ஓபல் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மூன்றாவது பூங்காவில் சமையற்காரக் கரடி. முக்கால் மணி நேர வரிசை. வலது கை.

நாலாவது பூங்காவுக்குள் நுழையும்போது மணி நாலரை. டெல்பர்ட் இப்போது இங்கேதான் நிற்கிறாராம். வெர்னாவின் கணுக்கால் வீங்கிவிட்டது. வரிசைக் கடைசியில் ஒரு துணையாள் நின்றாள். ஹார்லன் மாதிரி ஆறடி உயரத்துக்கு இருந்த இளம்பெண், நெஞ்சில் பேரும் ஊரும் எழுதிய அட்டை: யாரிட்ஸா, கிஸ்ஸிமி.

"நீங்கதான் இன்னைக்குக் கடைசி, மேடம்" என்று சிரித்து, 'இன்றைய கடைசி நண்பர்' என்று எழுதிய அட்டையை வெர்னாவின் கழுத்தில் மாட்டினாள். "உங்களுக்குப் பின்னாடி யாராவது நிக்க வந்தா இதைக் காட்டிடுங்க." மாட்டிவிட்டு ஒரு நொடி வெர்னாவின் முகத்தையே பார்த்தாள். வெர்னா கவனிக்கவில்லை. துணையாட்களை அவளுக்கு ஆகாது; அன்றைக்கு முதலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்த கூட்டம்தானே.

முறை வந்தது. அதே ஓலைத் தொப்பி, அதே வார், அதே தொந்தி. டெல்பர்ட் பேனாவை வாங்கினார். வெர்னா அந்தக் கையையே பார்த்தாள். டெல்பர்ட் வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். நாலு பூங்காவும் முடிந்தது. வெர்னா டெல்பர்ட்டை லேசாக அணைத்து, எண்ணி மூன்று நொடியில் விட்டுவிட்டாள். டெல்பர்ட் கையை ஆட்டிக்கொண்டே வேலிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

பக்கத்துப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போச்சு, ஓபல். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சோ. வேலையை விட்டுச்சோ, செத்தே போச்சோ."

"வாயைக் கழுவு. நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ஓபல். கிண்டல் எதுவும் அவள் வாயில் வரவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

யாரிட்ஸா அட்டையை வாங்க வந்தாள். வெர்னா கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, பையிலிருந்து பேனாவை எடுத்து நேரத்தைக் குறித்தாள். மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்து எழுதினாள். இடது கை.

வெர்னா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி உயரத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க அவன், அந்தப் பையன் என்றே தேடியிருக்கிறாள். முட்டாள், முட்டாள்.

"பொண்ணே" என்றாள். "நீதானா அது?"

யாரிட்ஸா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஐந்தடி தள்ளி ஒரு சின்னப் பையன் முதலைப் பொம்மையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் பெஞ்சின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"நான் டெல்பர்ட்டோட ஃப்ரெண்டு, மேடம். உங்களைப் பத்தி அவர் எங்கிட்ட நிறைய சொல்லியிருக்காரு. மஞ்சக் கவுன். ரெண்டு டிக்கெட். உங்க வீட்டுக்காரர் பேரு ஹார்லன். லாரிக்கு லொரைன்னு பேரு வச்சிருந்தாரு."

லொரைன். அதை வெர்னா யாரிடமும் சொன்னதே கிடையாது, அந்த முதலையைத் தவிர. ஓபலே இப்போதுதான் கேட்கிறாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் வந்துச்சாமே" என்றாள் வெர்னா.

"வந்துச்சு. ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்க. மறுநாளே எழுந்து உட்கார்ந்து பர்கர் கேட்டாராம். ஆனா டாக்டர், இனிமே வெயில்ல அந்த வேலை வேணாம்னுட்டாரு. அதான் இப்ப..." தன் பேர் அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "டெல்பர்ட்டுக்குத் தண்ணி குடிக்க நேரமாச்சுன்னு சொல்றது என் வேலை. நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லுவேன்."

"என்னாலதானே? நான் விடாததாலதானே?"

"இல்ல மேடம். காலைல சாப்பிடாம, தண்ணி குடிக்காம வந்தது அவர் தப்பு. இன்னொன்னும் சொன்னாரு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "முதல்ல விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா பெஞ்சுல உட்காரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அது அவராவே உட்கார்ந்தாரு."

வெர்னா அழுதாள். சிரித்தாள். எதை முதலில் செய்தாள் என்று ஓபலைக் கேட்டால் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று சொல்வாள்.

"அப்ப உன் ஃப்ரெண்டுகிட்ட சொல்லு, கண்ணு. ஹார்லன் போனதுக்கப்புறம் மூணு மாசம், எல்லாரும் கை குலுக்கினாங்க, முதுகுல தட்டினாங்க. யாரும் என்னைப் பிடிச்சு நிக்கலை. அவர்தான் நின்னாரு. அன்னிக்கு ராத்திரிதான் நான் முதல் தடவையா தூங்கினேன். ரொம்ப நன்றின்னு சொல்லு. உயிர் இருக்கற வரைக்கும் மறக்கமாட்டேன்னு சொல்லு."

"நான் பிடிச்சேனேடி" என்றாள் ஓபல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ மூணு எண்ணறதுக்குள்ள விட்டுட்டே."

"சொல்லிடறேன் மேடம்" என்றாள் யாரிட்ஸா. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "அவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

வெர்னா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை வெல்வெட் இல்லை. நீலச் சட்டை, அதற்குள் ஒரு பெண்பிள்ளையின் தோள் எலும்பு, வேகமாக அடிக்கிற நெஞ்சு. நாள் முழுக்க வெயிலில் நின்ற வேர்வை கழுத்தோரம் பிசுபிசுத்தது. துணையாளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவள் எப்போது வேண்டுமானாலும் விடலாம். அவள் விடவில்லை. விடவும் மாட்டாள் என்று வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் வெர்னா கையை எடுத்தாள். தன் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து, அந்த இடது கையில் வைத்தாள்.

"குடி" என்றாள், நானூறு பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில். "முழுசும். நான் பார்த்துக்கிட்டே நிப்பேன்."