நான்காம் எண் இடம்

2024ஆம் ஆண்டு ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மாலை 4.20 மணிக்கு, இரும்புலியூரில் உள்ள எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பின் தரைத்தளத்தில், இரண்டாம் மாடி மோகன்ராஜின் மகன் ஹரிபிரசாத் (வயது ஆறு) உதைத்த பந்து, நான்காம் எண் இடத்தில் நின்றிருந்த காரின் பக்கக் கண்ணாடியை உடைத்தது. பந்தை அவனுக்கு உருட்டிவிட்டவள் அக்காள் தமிழினி (வயது ஒன்பது). கார், முதல் மாடி ஜெயவேலுவுடையது. அவருடைய இரண்டாவது கார். இவற்றில் எதையும் எவரும் மறுக்கவில்லை.

மோகன்ராஜ் மறுநாளே புதுக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தார். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஜெயவேலு முடிய விடவில்லை. இந்தக் குடியிருப்பு அவருடைய தகப்பனார் நெல் விளைவித்த நிலத்தில் எழுந்தது. நிலத்துக்கு ஈடாக மூன்று வீடுகளும், எவரும் கேள்வி கேட்காததால் சங்கத் தலைவர் பதவியும் அவரிடம் இருந்தன. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டச் சொன்னார். சங்கச் செயலாளர் நான். எழுதி ஒட்டினேன். முதல் மாடியில் என் படுக்கையறை ஜன்னல் அந்த நான்காம் எண் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது; எனக்கும் சத்தம் ஆகாது. ஆகவே மனப்பூர்வமாகவே ஒட்டினேன்.

மோகன்ராஜுக்குக் கேளம்பாக்கத்தில் இரவு வேலை. மாலை ஆறரைக்கு வண்டி வந்து அழைத்துச் செல்லும். மனைவி தீபா தாம்பரத்துத் துணிக்கடை ஒன்றிலிருந்து ஆறேகாலுக்குத் திரும்புவார். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை பிள்ளைகள் இருவரும் தகப்பனார் பொறுப்பு. மொட்டைமாடிக் கதவுக்கு ஜெயவேலு பூட்டுப் போட்டிருக்கிறார். தெருவில் தண்ணீர் லாரிகள். மிச்சம் இருந்தது வீடு மட்டும். அந்த வீடு ஜெயவேலுவின் தலைக்கு நேர் மேலே.

மூன்றாம் நாளே சத்தம் பற்றிப் புகார் வந்தது. எச்சரிக்கை செய்வதற்காக மேலே சென்றேன். சோபாவிலிருந்து கட்டிலுக்குத் தரையைத் தொடாமல் போக வேண்டும் என்பது ஆட்டமாம். ஒன்று உட்கார்ந்தால் மற்றது அதைக் கிள்ளி எழுப்பிவிடுகிறது. இரண்டும் ஒருசேர ஓய்ந்த நிமிடம் ஒன்றைக்கூட நான் அங்கே காணவில்லை. ஆனால் இன்னொன்றைக் கண்டேன். அவர்கள் குதித்து இறங்கும் இடங்களிலெல்லாம் மெத்தைகளையும் மும்மடிப்பாக மடித்த போர்வைகளையும் மோகன்ராஜ் விரித்து வைத்திருந்தார். ஒன்று நகர்ந்தால் ஓடிச் சென்று சரிசெய்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"நாங்க நடக்கக்கூட கூடாதா ஆன்ட்டி?" என்று தமிழினி கேட்டாள்.

நடக்கலாம், குதிப்பதுதான் கூடாது என்றேன்.

"இவனுக்கு நடக்கத் தெரியாது ஆன்ட்டி. பொறந்ததுலேர்ந்து ஓட்டம்தான்."

அதே வேளையில் படியில் ஜெயவேலுவின் குரல் கேட்டது. யாரிடமும் பேசாததுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ஆம்பள வூட்ல குந்திகினு கீறாரு. ரெண்டு புள்ளைங்கள அடக்க முடியல."

மோகன்ராஜ் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தார். பிறகு, விரித்திருந்தவை அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சுருட்டி அலமாரிமேல் ஏற்றினார், அவசரமே இல்லை. வாசலுக்கு வந்து, "சார், மெத்தையெல்லாம் எடுத்துட்டேன். இனிமே எவ்ளோ அடக்கி வச்சிருந்தேன்னு உங்களுக்கே தெரியும்," என்றார்.

அன்று முதல் தினமும் நான்கிலிருந்து ஆறு வரை அந்த வீட்டில் வெறும் தரையில் ஓட்டப்பந்தயம் நடந்தது. அவர் தடுக்கவில்லை. ஜெயவேலு கொம்பால் கூரையைத் தட்டினார். மேலே அதே தாளத்தில் பதில் தட்டப்பட்டது. என்னிடம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஜெயவேலுவினுடையது: பிள்ளைகள் கீழ்த்தளத்தில் விளையாட நிரந்தரத் தடையும், வீட்டுக்குள் ஓடினால் நடவடிக்கையும் வேண்டும். மற்றது மோகன்ராஜினுடையது; பத்திர நகல் இணைத்திருந்தார். நான்காம் எண் இடம் தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. தன்னிடம் கார் இல்லை. அந்த இடத்தைத் தன் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள். அங்கே நிற்கும் காரை எடுக்க வேண்டும்.

பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றியவள் நான். நகலை ஒரு முறை படித்ததும் விளங்கிவிட்டது. இடம் அவருடையதுதான். நான்கு ஆண்டுகளாக அந்தக் காரை என் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருந்தும், யாருடைய இடம் என்று நான் கேட்டதில்லை. அது என் பிழை. காருக்கு ஒரு விதி, பிள்ளைகளுக்கு ஒரு விதி என்று நடத்துவதற்கு ஒழுங்கு என்று பெயரில்லை. கூட்டத்துக்கு நாள் குறித்தேன்.

ஜூலை 21, ஞாயிறு, காலை பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போடப்பட்டன. மூன்று வீடுகளின் உரிமையாளர்கள் வெளியூரில் இருந்ததால் வரவில்லை; வாடகைக்கு இருப்போருக்கு வாக்கு கிடையாது. எஞ்சியவை ஐந்து வாக்குகள். கார் நிறுத்தும் இடத்தில் கார்தான் நிற்க வேண்டும் என்று ஜெயவேலு வாதிட்டார். விதிகளில் அப்படி எங்கும் இல்லை என்று படித்துக் காட்டினேன். அவருக்கு முகம் மாறியது. வாக்கெடுப்பு வைக்கச் சொன்னார்.

"எனக்கு மூணு. நீங்க ரெண்டு பேரு ரெண்டு. முடிஞ்சிச்சு. எழுதிக்கோங்க காமு மேடம்."

உரிமையாளர் பதிவேட்டைத் திறந்தேன். அவருடைய மூன்று வீடுகளில் இரண்டுதான் அவர் பெயரில் இருந்தன. மூன்றாவது, மனைவி கிளியம்மாள் பெயரில் பதிவானது. இத்தனை ஆண்டுகளும் அந்த வாக்கையும் அவரே போட்டுவந்தார், எழுதிக்கொண்டவள் நான்தான். இந்த முறை எழுதவில்லை. உரிமையாளர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றேன்.

"அவ நான் சொல்றதத்தான் சொல்லப் போறா."

"அப்போ வந்து சொல்றதுல கஷ்டம் ஒண்ணும் இல்லையே."

தமிழினி யாரும் ஏவாமலே மாடிக்கு ஓடினாள். தம்பி பின்னால் ஓடினான். கிளியம்மாள் முந்தானையில் ஈரக் கையைத் துடைத்தபடி, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இறங்கி வந்தார். வழக்கு என்ன என்பதை நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பத்து நாளா நாலு மணிக்கு மேல கால நீட்ட முடியல. தல மேலயே ஓடுதுங்க," என்றார். "வண்டிக்கு இன்னா, தூக்கம் கெட்டா போவுது? அது எங்கனா நிக்கும். புள்ளைங்க கீழ வந்து ஆடட்டும்."

"ஏய், நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் ஜெயவேலு.

"எனுக்கா தெரியாது? தெனம் அந்த ரூம்புல படுக்கறது நானா நீயா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "வோட்டு என்னுதுன்னு அந்தம்மா சொல்லிச்சு. நான் போட்டுட்டேன்."

மாடிக்குத் திரும்பும்போது கணவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனார்.

அடுத்த முறை உங்களுக்கு இந்தச் செயலாளர் பதவி இருக்கிறதா பார்ப்போம் என்று ஜெயவேலு என்னை மிரட்டினார். தேர்தல் மார்ச்சில், மனு கொடுக்கலாம் என்று பதில் சொன்னேன். மோகன்ராஜ் சிரிக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் பக்கமும் திரும்பினேன். பந்து கூடாது என்றேன். கோட்டைத் தாண்டக் கூடாது. ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. ஆறேகால் என்று பேரம் பேசினார். மறுத்தேன். மேல் வீட்டில் மெத்தைகளை மீண்டும் விரிப்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார்.

இறுதியில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் தீர்மானமானது இது. நான்காம் எண் இடம் மோகன்ராஜுடையது. ஜெயவேலுவின் இரண்டாவது கார் ஜூலை 28க்குள் அங்கிருந்து அகற்றப்படும். மாலை நான்கு முதல் ஆறு வரை, தரையில் மஞ்சள் வண்ணத்தில் வரையப்படும் கோட்டுக்குள், பந்து இல்லாமல், பிள்ளைகள் இருவரும் அங்கே விளையாடலாம். நான் ஒட்டிய அறிவிப்பு நீக்கப்படும். இனி ஒவ்வொரு வீட்டின் வாக்கையும் பதிவேட்டில் பெயருள்ளவரே நேரில் அளிப்பார். வாக்களித்த நான்கு பேரும் கையொப்பமிட்டோம். கிளியம்மாளிடம் பதிவேட்டை மாடிக்கு எடுத்துச் சென்று கையொப்பம் பெற்றேன்.