துளை போட்ட டிஸ்க்

அந்த வட்டாரத்தில் பாதி ஆபீஸ்களுக்கு அவன்தான் ஸ்டோரேஜ் பெட்டி வைத்துக் கொடுத்தவன். ஆபீஸில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களின் கோப்புகளையும் ஒரே இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் பெட்டி. அதனால் அவனுக்குப் பெட்டிக்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலையில் சுத்தம், வாயில் கறார். "ஒண்ணு இங்க வச்சா அதோட நகலுக்கு இன்னொண்ணு வேற இடத்துல வைக்கணும். முடியாதுன்னா வேற ஆளப் பாருங்க" என்று எப்பேர்ப்பட்ட முதலாளியிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். அந்தக் கறாரெல்லாம் அண்ணியிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை.

அண்ணி பேச்சுப் பயிற்சி நிலையம் நடத்தினாள். குரல்வளையை எடுக்கும் அறுவைக்குப் போகிறவர்கள், குரல் இருக்கும்போதே அங்கே வந்து பக்கம் பக்கமாகப் படித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். பிறகு அந்தப் பதிவை வைத்து, எழுதினால் அவர்கள் குரலிலேயே பேசும்படி போனில் ஒரு ஏற்பாடு செய்து தருவார்கள். பதிவுகள் எல்லாம் பெட்டிக்குள். "ரெண்டாவது பெட்டிய அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி" என்றாள் அண்ணி. குடும்பத்துக்குள் எதற்கு மல்லுக்கட்டு என்று அவனும் விட்டுவிட்டான். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுகிறதே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

அங்கே வந்தவர்களில் ஒருவர் ஏலக்காரர். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். கூட வந்த அவர் மனைவிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. "இவர் மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. குரலக் கேட்டுத்தான் கட்டிக்கிட்டேன்" என்றார் அந்த அம்மா. "மூஞ்சியப் பாத்திருந்தா ஓடியிருப்பா" என்றார் ஏலக்காரர், கரகரத்துக்கொண்டே. மைக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்த பெட்டிக்காரனும் சிரித்துவிட்டான்.

அவருக்கு அறுவை முடிந்தது. பதிவில் இருந்த இருமலையும் தடுமாற்றத்தையும் அண்ணி உட்கார்ந்து வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அது முடிந்தால்தான் குரல் செய்யும் கம்பெனிக்கு அனுப்ப முடியும். அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டி 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

அவன் ஓடி வந்து திரையைப் பார்த்தான். இரண்டாம் டிஸ்க் போய்விட்டது என்றது.

"அந்தச் சத்தத்த முதல்ல நிறுத்துங்க தம்பி. உள்ள ஒருத்தங்க பதிவு பண்றாங்க. நாளைக்கு ஆபரேஷன் அவங்களுக்கு."

உள்ளே நடக்கும் பதிவு அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஏறி, முடிந்த பிறகுதான் பெட்டிக்கு மாறும். பெட்டியை அணைத்தான். இரண்டு என்று தன் கையால் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த டிஸ்க் தட்டை உருவினான். சிவப்பு விளக்கு எதில் எரிகிறது என்று பார்த்து உருவுவதுதான் முறை. ஆனால் அணைத்த பெட்டியில் விளக்கு ஏது?

நோயாளிகளின் குரல் வெளியே போய்விடக் கூடாதே என்று, கழற்றிய டிஸ்கைத் துளை போட்டு அழித்துவிடுவது அவன் வழக்கம். புது டிஸ்குக்கு எல்லாம் நகலாகி முடிந்த பிறகுதான் டிரில்லைத் தொடுவான். அன்றைக்கு உள்ளே பதிவு முடியும்வரை பெட்டியைப் போட வழியில்லை, போட்டால் மறுபடி கத்தும். சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு வேப்பங்காய். எப்படியும் செத்த டிஸ்க்தானே என்று பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு எடுத்துப் போய், நிதானமாக, வரிசையாகத் துளை போட்டான். எட்டிப் பார்த்த அண்ணி, "பாவம், செத்ததப் போய் இந்தப் பாடு படுத்துறீங்களே" என்று சிரித்தாள்.

பதிவு முடிந்தது. புது டிஸ்கைச் செருகிப் பெட்டியைப் போட்டான். உள்ளே இருந்த பழைய டிஸ்க் 'டக் டக்' என்று தட்டியது. மறுபடி தட்டியது. திரையில் ஒரு கோப்புகூட இல்லை.

அவனுக்குப் போன தடவை தூசி தட்ட இரண்டு தட்டுகளையும் உருவியது நினைவுக்கு வந்தது. திருப்பிச் செருகும்போது இடம் மாற்றிச் செருகியிருக்கிறான். எப்படிச் செருகினாலும் ஓடும் பெட்டி அது, ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி எண்ணியது இடத்தை. அவன் நம்பியது தன் ஸ்டிக்கரை.

"வந்துடுச்சா தம்பி?"

"அண்ணி... நல்ல டிஸ்க்ல ஓட்ட போட்டுட்டேன்."

அவள் ஏலக்காரரின் பதிவைத் தன் கம்ப்யூட்டரில் திறக்கப் பார்த்தாள்; பெட்டியிலேயே வைத்து வெட்டியது, திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

தட்டிக்கொண்டிருந்த டிஸ்கைத் தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோனான். உள்ளே தகடெல்லாம் கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் தேறாது என்று கைவிரித்துவிட்டார்கள். அறுவை இன்னும் ஆகாதவர்களை அண்ணி போனில் கெஞ்சித் திரும்ப வரவழைத்தாள். பழைய ஆட்களுக்குக் குரல் ஏற்கெனவே கைக்குப் போய்விட்டது. மாட்டிக்கொண்டவர் ஏலக்காரர் ஒருவர்தான்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி. செஞ்சது நான்" என்று அவனே போனான்.

வாசலில் அவன் குரல் கொடுத்ததும் கதவைத் திறந்தது அந்த அம்மா. "பெட்டிக்காரத் தம்பியா? வாங்க வாங்க. குரல் வந்துடுச்சா?"

ஏலக்காரர் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தார். எழுதினால் படித்துக் காட்ட, போனோடு வரும் வேறு யாருடைய குரலோ தயாராகவே இருந்தது. ஆனால் தன் குரல் வரட்டும் என்று அதை வீட்டில் ஒரு தடவைகூடப் பேசவிடாமல், மனைவியின் கையைத் தட்டித் தட்டியே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்காரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"சந்தையில யாராச்சும் போன்ல எடுத்திருப்பாங்களே தம்பி?" என்றார் அந்த அம்மா.

"கேட்டாச்சும்மா. எல்லாத்துலயும் ஒரே கூச்சல். அத வச்சு செய்ய முடியாதுன்னு குரல் கம்பெனில சொல்லிட்டாங்க."

ஏலக்காரரின் முகம் சிவந்தது. வாய் திறந்து மூடியது, காற்று கழுத்துத் துணி வழியேதான் சீறியது. போனை எடுத்து ஆத்திரத்தோடு குத்தினார். செய்தி வாசிப்பதுபோல் ஓர் இளைஞன் குரல், துளி கோபம் இல்லாமல் சொன்னது: "வெளியே போ. இனி என் முன்னால் நிற்காதே."

பெட்டிக்காரன் வாசலுக்கு நகர்ந்தான். அந்த அம்மா தடவிக்கொண்டே போய்க் கணவரின் தோளில் கை வைத்தார். "விடுங்க. உடம்புக்கு ஆகாது."

ஏலக்காரர் மறுபடி குத்தினார். "நான் இங்கேதான் இருக்கிறேன், பயப்படாதே" என்றது அந்த இளைஞன் குரல், மனைவியின் காதருகே.

அந்த அம்மா வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். "வேற யாரோ ஆம்பள பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்குங்க. அணைச்சிடுங்க அத."

ஏலக்காரர் போனை அணைத்தார். அந்த அம்மா முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"எங்க இருக்கீங்க?" என்றார்.